ஒரு சார்ஜுக்கு எத்தனை ஓட்டை

பென்சில்காரர் ஏணி ஏறமாட்டார் என்கிற விஷயம் எங்கள் கட்டடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அவர் மனைவிக்கு, எதிர்வீட்டில் இருக்கும் எனக்கு. அவர்கள் இருவரும் வெளியில் சொல்லவில்லை. நான் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததிலும் நியாயம் இருக்கிறது. ஆள் ஆறடி. காதில் பென்சில், தோளில் டிரில் மிஷின் பை. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டுவதுதான் குடும்பத் தொழில். அந்தப் பையோடு அவர் முன்னால் நடக்க, துணி மூட்டையோடு அவள் பின்னால் நடந்தால், யார் சுவரைத் துளைப்பவர், யார் தைப்பவர் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஏணியின் இரண்டாவது படியிலேயே மனிதருக்குத் தலை சுற்றும். அதனால் நீளக் கம்பு ஒன்றின் நுனியில் பென்சிலைக் கட்டி, தரையில் நின்றபடியே கூட்டல் குறி போடுவார். குறி ஒரு நூல்கூடப் பிசகாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் உலக நடப்பு பேசுவார். மேலே ஏறித் துளைப்பவள் அவள். அதைக் கண்ணால் பார்ப்பவர்களும், பாவம், புருஷனுக்கு ஒத்தாசை பண்ணுகிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. துளைகளை எண்ணுவாள். தையல் எண்ணிப் பழகிய வாய், முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சார்ஜுக்கு இத்தனை என்று சார்ஜரின் பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பாள். மிஷின் வாங்கிய புதிதில் ஐம்பத்திரண்டு. நாலு வருஷத்தில் அது தேய்ந்து தேய்ந்து, போன மாதம் ஒன்பதுக்கு வந்து நின்றது. அதற்காக இருவரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. காரணம், அவர்களிடம் இன்னொன்று இருந்தது.

மிஷினோடு இரண்டு பேட்டரி வந்தன. பென்சில்காரர் ஒன்றை மட்டும் வெளியில் எடுத்தார். மற்றதை உறைகூடப் பிரிக்காமல் பீரோவில், நல்ல துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ரெண்டையும் ஒண்ணா ஓட்டினா ரெண்டும் ஒண்ணாத்தான் போகும் என்று என்னிடமே விளக்கினார். கேட்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைப்பாராம். தங்க வளையலுக்குக்கூட அந்த வீட்டில் அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வேலை ஒன்று வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குவதற்காக ஏழு மாடியில் புதிதாக ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு மாடி, நாற்பத்திரண்டு ஜன்னல். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்றே நாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலைக் கம்பி ஏறிவிட்டால் மேலே இருக்கும் ஐந்து மாடியும் இவர்களுக்கு. ஏறாவிட்டால், பன்னிரண்டு ஆள் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு. இதுவரை இவர்கள் வீடு வீடாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். இது கிடைத்தால் ஒரு வருஷத்துச் சோறு. கட்டடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை, பேட்டரி மிஷின்தான் வேண்டும் என்று எஞ்சினியர் சொன்னபோது, அதெல்லாம் நம்மகிட்ட ரெடியா இருக்கு சார் என்று பென்சில்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார்கள். உறையைப் பிரித்தார்கள். சார்ஜரில் மாட்டினார்கள். நான் சர்க்கரை கடன் கேட்கப் போயிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விட்டு விட்டு எரிந்தது.

"புதுசுங்க இது. ஒரு தடவைகூடத் தொடல," என்றார் அவர் சார்ஜரைப் பார்த்து.

"தொடாததாலதான்," என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் மறுநாள் தம்பி கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். சார்ஜே போடாமல் வருஷக்கணக்கில் வைத்தால் உள்ளே தானாக வடிந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் செத்துவிடுமாம். பென்சில்காரர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நாலு வருஷமாக ஒரு பிணத்துக்குத் துணி போர்த்திக் காவல் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

அவள் தம்பி கடை என்றேன். நகரத்தின் அந்தக் கோடியில் டூல்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். செவ்வாய்க்கிழமை இருவரும் பேட்டரி வாங்கப் போனபோது, குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நானும் கூடப் போனேன். கண்ணாடி அலமாரி நிறைய மிஷின்கள், சிவப்பு, நீலம், பச்சை என்று பொம்மைக்கடை மாதிரி. ஒன்றையாவது அவன் சுவரில் வைத்து அழுத்தியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நகத்தில் தூசி இல்லை.

கம்பெனி பேட்டரி ஒன்றின் விலையைச் சொன்னான். முழு மிஷின் விலையில் பாதி. பென்சில்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதனாலதான் மாமா யாரும் தனியா பேட்டரி வாங்கறதில்ல. கொஞ்சம் மேல போட்டா மிஷின், ரெண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி, முழு செட்டே வந்துடும்."

"இருக்கற மிஷின் நல்லா இருக்கேப்பா. சோறு இல்லாம கெடக்குது. அதுக்காகப் புது ஆளையா கூட்டிட்டு வர்றது?"

"அப்ப இதைப் பாருங்க." கீழ் அறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். அச்சு அசல் அதே மாதிரி, கம்பெனி பேர் மட்டும் இல்லை. "கம்பெனிதுல நாலுன்னு போட்டிருக்கு. இதுல ஆறு. விலை மூணுல ஒரு பங்கு."

நம்பர் பெரியது, விலை சிறியது. பென்சில்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. அவள் மட்டும் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஆறுன்னா எத்தனை ஓட்டைடா?"

தம்பி சிரித்தான். "அக்கா, அது ஆம்பியர் கணக்கு. ஓட்டைல எல்லாம் சொல்ல முடியாது."

"எனக்கு ஓட்டைலதான் தெரியும்."

வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று மதியமே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உங்க சமையலறைல ஷெல்ஃப் போடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தீங்களே அக்கா என்றாள். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. ஷெல்ஃபுக்கு நாலு துளை போதும் என்பது எனக்கு எட்டாவது துளையில்தான் உறைத்தது.

முதல் பத்தும் வெண்ணெயில் கத்தி போனமாதிரி போயின. பதினைந்தில் மிஷினின் குரல் மாறியது, பசித்த பூனை போல இழுத்துக் கத்தியது. பத்தொன்பதில் நின்றது. பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி கெட்டது போங்கள். ஆற வைத்து, சார்ஜ் போட்டு, சாயங்காலம் மறுபடி வந்தாள். பதினாறு. மறுநாள் காலையில் மறுபடி. பதிமூன்று. ஆக என் சமையலறைச் சுவரில் நாற்பத்தெட்டு துளை. இன்று கரண்டி, வடிகட்டி, சாவி, குடை, போன வருஷத்துக் காலண்டர் என்று எல்லாவற்றையும் மாட்டியும் இருபது ஆணி மிச்சம்.

பென்சில்காரர் என் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து மனக்கணக்கு போட்டார். கம்பெனி பேட்டரி ஒன்று வாங்குகிற காசுக்கு இதில் மூன்று வரும். மூன்று பத்தொன்பது ஐம்பத்தேழு. கம்பெனியது புதிதில் ஐம்பத்திரண்டு. "இதுல அஞ்சு ஓட்டை லாபம்," என்றார்.

"இன்னைக்கு லாபம்," என்றாள் அவள். "ரெண்டு நாள்ல பத்தொம்பது பதிமூணாயிடுச்சு. சனிக்கிழமை என்ன ஆகும்? நம்மது அம்பத்திரண்டுலேர்ந்து ஒம்போதுக்கு வர நாலு வருஷம் ஆச்சுங்க."

பிறகு அவள் கணக்கைச் சொன்னாள். ஜன்னலுக்கு இரண்டு தாங்கி, தாங்கிக்கு இரண்டு திருகு, ஆக நாலு துளை. நாற்பத்திரண்டு நாலு நூற்று அறுபத்தெட்டு. நாளைக்கு ஐம்பத்தாறு. கம்பெனி பேட்டரி ஒன்று, பழையதில் ஒன்பது, மொத்தம் அறுபத்தொன்று. தினமும் ராத்திரி வீட்டில் சார்ஜ். முழு செட்டும் வேண்டாம், மூன்று மலிவும் வேண்டாம். ஒன்று போதும், நல்லதாக ஒன்று. வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தன் தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்க இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு வருஷம் காலால் மிதித்துக்கொள்கிறேன் என்றாள்.

மலிவு பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னான்.

"பேட்டரில குத்தம் இல்லக்கா. மாமா கை. அழுத்திப் புடிக்கிறாரு, மிஷினுக்கு மூச்சு முட்டுது. சூடாகாம என்ன செய்யும்?"

பென்சில்காரர் குனிந்துகொண்டார். ஏணி ஏறாத மனிதர், ஏறினதாகவும் தப்பாகத் துளைத்ததாகவும் பழியை வாங்கிக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறந்தாள், அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். எனக்கு நாக்கு அரித்தது. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. தம்பி பேட்டரியைத் திரும்ப எடுக்கவில்லை. கம்பெனி பேட்டரியை மட்டும் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனார்கள். சாயங்காலம் திரும்பிய முகத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். முடி, இமை, காது எல்லாம் சிமெண்டுத் தூசி. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"முப்பத்தாறுதான் அக்கா வந்துச்சு. பழசுல ஆறு. உங்க சுவர் செங்கல். இதுவரைக்கும் நாங்க மாட்டின வீடெல்லாம் செங்கல். அங்க ஜன்னலுக்கு மேல முழுக்க கான்கிரீட்டு. நான் அதை யோசிக்கவே இல்ல."

அறுபத்தொன்று வர வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. இப்படியே போனால் சனிக்கிழமை சாயங்காலம் நாற்பத்திரண்டு துளை பாக்கி நிற்கும். பென்சில்காரர் மலிவு பேட்டரியை எடுத்துக்கொண்டு போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். கான்கிரீட்டில் அது நாலு துளை தாண்டாது என்றாள். அன்று இரண்டு பேரும் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். குழம்பு வைக்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை மழை. ஜன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, சாரல் அறைக்குள்ளேயே அடித்தது. நான் சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனேன். அவர்கள் பசிக்காகப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், வேண்டாம். இரண்டாவது மாடியில் அவள் ஏணியின் மேல் நின்று, மிஷினின் பின்புறத்தை வலது தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். கீழே அவர் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுக்காக எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவதால் அவளால் எண்ண முடியவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று கோயில் மணி அடிப்பவர் மாதிரி அத்தனை பக்தியாகச் சொன்னார்.

அப்போது படியில் காலடிச் சத்தம். தம்பி. வீட்டுக்குப் போன் பண்ணி, யாரும் எடுக்காததால் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். நிலைப்படியில் நின்றவன் அப்படியே நின்றான். தரையில் மாமா. மேலே அக்கா.

"அக்கா. நீயா?"

அவள் நிறுத்தவில்லை. அந்தத் துளை முடிந்ததும்தான் திரும்பினாள்.

"பின்ன? நாலு வருஷமா யாருன்னு நெனச்ச?"

"மாமான்னு…"

"மாமாவுக்கு ஏணி ஆகாது. குறி போடறது அவரு. அழுத்திப் புடிக்கறது நான். எனக்குத்தான்டா கை சரியில்ல, அன்னைக்குச் சொன்னியே."

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடியும் காதில் வைத்தார். பையன் கையை நீட்டினான்.

"மிஷினைக் குடு. ஒண்ணு போட்டுப் பாக்கறேன்."

சட்டையைக்கூட மடிக்காமல் ஏறினான். கான்கிரீட்டில் வைத்து அழுத்தினான். துளைக்கும் பிட் வழுக்கி ஒரு கீறல் போட்டது. மறுபடி அழுத்தினான். பாதித் துளை போவதற்குள் நெற்றி வேர்த்து, முழங்கை நடுங்கியது. முழுத் துளையும் போட்டுவிட்டு இறங்கியவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். பென்சில்காரர் "முப்பத்தஞ்சு," என்றார், விட்டுப்போகக்கூடாது என்று.

அடுத்த துளையோடு பேட்டரி தீர்ந்தது. தம்பி அதைக் கழற்றினான். "எவ்வளவு நேரத்துல ஏறும்னு எனக்குத் தெரியும். அது மட்டுமாவது தெரியும்," என்று சொல்லிவிட்டு, பேட்டரியைச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் வண்டியை எடுத்தான். தெருமுனையில் டீக்கடை இருந்தது. அங்கே போன் சார்ஜ் போடும் இடத்தைக் கேட்டு வாங்கி, வண்டிப் பெட்டியில் இருந்த கடைச் சார்ஜரை மாட்டி, இரண்டு டீயும் நாலு பிஸ்கட்டும் வாடகையாகத் தின்றுகொண்டு, ஒன்றரை மணி நேரம் காவல் இருந்திருக்கிறான்.

அந்த ஒன்றரை மணி நேரமும் இவள் சும்மா இருந்தாளா? பையிலிருந்து அந்த மலிவு பேட்டரியை எடுத்தாள். துளையில் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி, தாங்கியை வைத்து, திருகைச் சொருகி, அந்தப் பேட்டரியால் முடுக்கினாள். விறுவிறுவென்று முடுக்கியது. சூடில்லை, முனகலில்லை.

"பாருங்க," என்றாள் அவரிடம். "திருகு முடுக்க இது தங்கம். இதைப் போய்ச் சுவரைக் குடைன்னு சொன்னது நம்ம தப்பு."

அன்று கம்பெனி பேட்டரி இரண்டு முறை தீர்ந்தது. எழுபத்திரண்டு, பழையதில் ஆறு, எழுபத்தெட்டு. இரண்டு நாளும் சேர்த்து நூற்றிருபது. மறுநாளைக்கு நாற்பத்தெட்டுதான் பாக்கி. தம்பி சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஈரத்தோடு மாடியேறி வந்தபோது அவள் அவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். அவன் எத்தனை ஆச்சு என்று கேட்டான். கடையில் ஆம்பியர் பேசியவன்தான்.

சனிக்கிழமை வெயில். சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சினியர் வந்தார். வாயில் பாக்கு, கையில் நோட்டு. கடைசி ஜன்னலின் கடைசித் துளை பாக்கி. சுவருக்குள் எங்கேயோ கூழாங்கல் சிக்கியிருக்க வேண்டும், மிஷின் முனகியது. டீக்கடையில் அரைகுறையாக ஏற்றி வந்த பேட்டரியில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் கண் சிமிட்டியது. எஞ்சினியர், தம்பி, பென்சில்காரர், நான் என்று நாலு பேரும் மேலே பார்த்தபடி நின்றோம். அவள் அவசரப்படவில்லை. கொஞ்சம் வெளியே இழுத்து, தூசியைக் கொட்டி, மறுபடி வைத்தாள். இழுத்தாள், வைத்தாள். கரகரவென்று கல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"நூத்தி அறுபத்தெட்டு," என்றார் பென்சில்காரர்.

எஞ்சினியர் அறை அறையாகப் போனார். ஒவ்வொரு கம்பியையும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். ஒரு தாங்கியும் அசையவில்லை, ஒரு கம்பியும் சாயவில்லை. எல்லாம் நேர்கோடு. நானும் நாலு வருஷமாக இவர்களைக் குறை சொல்லப் பார்க்கிறேன். அன்று சல்லடை போட்டுத் தேடியும் ஒன்று கிடைக்கவில்லை.

"சரி, மேல அஞ்சு மாடியும் நீங்களே பண்ணுங்க," என்றார் எஞ்சினியர். "ஆறாம் தேதி கரண்ட் வந்துடும். வயர் மிஷின் எடுத்துட்டு வாங்க. பேட்டரியெல்லாம் வேலைக்கு ஆகாது, ஸ்லோ."

பென்சில்காரர் பழக்கதோஷத்தில் சரிங்க சார் என்று தலையாட்டப் போனார். அவள் ஏணியை மடக்கிக்கொண்டே குறுக்கே பேசினாள்.

"பேட்டரி ஸ்லோ இல்ல சார். அதைத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தவன்தான் ஸ்லோ. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கறான்."

தம்பி உள்பட எல்லோரும் சிரித்தோம்.

"ஏணி மேல நின்னுட்டு வயரையும் பாக்க முடியாது சார். கரண்ட் வந்தா சார்ஜரை மாடியிலயே வெச்சுக்குவேன். இதே மாதிரி இன்னொரு பேட்டரி வாங்கிடுவேன். ஒண்ணு ஏறும், ஒண்ணு ஓடும். எனக்கு நிக்க வேண்டிய வேலையே இல்ல."

அப்போதுதான் எஞ்சினியர் அவளை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேனாவைத் திறந்து நோட்டைப் பிரித்தார். அதுவரை கணக்கெல்லாம் பென்சில்காரரைப் பார்த்தே கேட்டவர், இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டைம்மா? நூறுன்னு போட்டுக்கவா?"

எழுதியும்விட்டார். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள், உள்ளங்கையால் ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டலை ஒருதரம் தட்டினாள்.

"நூறு வேணாம் சார், அடிச்சிடுங்க. கான்கிரீட்டு. தொண்ணூறுன்னு எழுதுங்க."

அவர் நூறை அடித்துவிட்டு, பக்கத்தில் தொண்ணூறு என்று எழுதினார்.